நாள் ஒன்று, எழுதும் முறை பல
விரிதாளிலே திகதிகள் பிறழ்வதும் அவற்றைத் திருத்துவதும்

காலத்தை ஆண்டு, மாதம், நாள் எனப் பகுத்து வழங்குதல் நாகரிகமடைந்த மக்கள் யாவர்க்கும் பொதுவானதொரு வழக்கமாகும். ஆயினும், அம்மூன்றனுள் எதனை முன்வைத்து எழுதுவது, எதனைப் பின்வைத்து எழுதுவது என்பதில் உலகம் இன்னும் உடன்பாடு கண்டிலது. ஏட்டில் எழுதிய காலத்தில் இவ்வேறுபாடு பெருந் தீங்கு விளைத்ததில்லை. எழுதுபவரும் படிப்பவரும் பெரும்பாலும் ஒரே வழக்கினராய் இருந்தனர். இன்றோ பாடசாலை மாணவரின் விவரங்கள் கணினி விரிதாளிற் பதியப்பெற்று, கல்முனையிலுள்ள ஒரு பாடசாலையிலிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் செல்கின்றன. செல்லும் வழியில் ஒவ்வொரு கணினியும் அத்திகதிகளைத் தன் வழக்கின்படியே படிக்கின்றது. பிறழ்ச்சி தோன்றுவது அங்கேதான்.

இப்பிறழ்ச்சி அற்பமானதன்று என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவாம். ஒரு பிள்ளையின் பிறந்த திகதி 01/02/2020 எனக் குறிக்கப்பட்டுள்ளது எனக் கொள்க. நம் நாட்டில் முதலாந் தரத்திற் சேர்வதற்கு, அவ்வாண்டு ஜனவரி 31ஆந் திகதியன்று பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருத்தல் வேண்டும். மேற்கூறிய திகதியைப் பெப்ரவரி முதலாந் திகதி எனப் படிப்போமாயின், அப்பிள்ளை 2026ஆம் ஆண்டிலேயே பாடசாலைக்குத் தகுதியுடையதாகும். ஜனவரி இரண்டாந் திகதி எனப் படிப்போமாயின், 2025ஆம் ஆண்டிலேயே தகுதி பெற்றுவிடும். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. படித்த முறை மாறியமையால் ஒரு பிள்ளையின் கல்வி வாழ்வில் ஓராண்டு மாறிவிடுகின்றது. இதே திகதி பின்னர்ப் பரீட்சை விண்ணப்பத்திலும் தேசிய அடையாள அட்டையிலும் ஏறுமாயின், அதனைத் திருத்துவதற்குப் பெற்றோர் ஏறி இறங்கும் அலுவலகப் படிகள் பலவாகும்.

நமது கரையோரத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, காரைதீவு முதலாம் ஊர்களில் வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் கடல்கொண்டன. ஒருவர் எந்நாளிற் பிறந்தார் என்பதற்கு, எஞ்சிய பதிவுகளையே சான்றாகத் தேடவேண்டிய நிலை அன்று ஏற்பட்டது. ஒரு பதிவின் அருமை மற்றொரு பதிவு அழிந்தபோதுதான் விளங்கும். ஆதலின், பாடசாலையிற் பேணப்படும் திகதி பிழையற்றதாயிருத்தல் ஆசிரியரின் பொறுப்புகளுள் ஒன்றாகும்.

இனி, திகதி எழுதும் வழக்குகளை நோக்குவாம். அவை பெரும்பாலும் மூவகைப்படும். நாள், மாதம், ஆண்டு என எழுதுவது பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தியாவிலும் வழங்குவது. நம்மவரும் இதனையே மிகுதியாகக் கையாள்கின்றனர். மாதம், நாள், ஆண்டு என எழுதுவது ஐக்கிய அமெரிக்காவின் வழக்கு. ஆண்டு, மாதம், நாள் என எழுதுவது சீனம், யப்பான், கொரியா முதலிய தேசங்களின் வழக்கு. ஆண்டை முன்வைத்தல் நமக்கும் புதிதன்று. சோழர் கல்வெட்டுகள் அரசனது ஆட்சியாண்டை முற்கூறியே செய்தி சொல்லத் தொடங்குகின்றன. நமது தேசிய அடையாள அட்டையின் இலக்கமும் பிறந்த ஆண்டிலேயே தொடங்குகின்றது. 1988ஆம் ஆண்டிலே சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் நியமமும் ஆண்டு, மாதம், நாள் என்னும் இவ்வொழுங்கையே விதித்தது.

கணினி விரிதாளோ திகதியை எழுத்தாக வைத்திருப்பதில்லை. அஃது எண்ணாகவே வைத்திருக்கின்றது. எக்செல் என்னும் மென்பொருளில் 1900 ஜனவரி 1 என்பது எண் 1. அடுத்த நாள் 2. இவ்வாறு ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எண்ணைப் பெறும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 பெப்ரவரி 4 என்பது 17567 ஆகும். ஆழிப்பேரலை எழுந்த நாள் 38347 ஆகும். நாம் திரையிற் காணும் திகதி அவ்வெண்ணுக்கு அணிவிக்கப்பட்ட உடையே. உடையை மாற்றினால் உள்ளே உள்ள எண் மாறாது. திகதி இருந்த கலத்திலே திடீரென ஐந்திலக்க எண் தோன்றுமாயின் அஞ்சவேண்டியதில்லை. உடை களையப்பட்டது என்பதே அதன் பொருள். கலத்தின் வடிவமைப்பைத் திகதியென மீண்டும் அமைத்தால் அது பழையபடி தோன்றும்.

ஆயின் பிறழ்ச்சி எப்பொழுது நிகழ்கின்றது? நாம் விசைப்பலகையில் எழுத்துகளைத் தட்டும்போது, அவற்றை எண்ணாக மாற்றும் அக்கணத்திலேயே நிகழ்கின்றது. அவ்வேளையிற் கணினி தனது பிரதேச அமைப்பை நோக்கி, முதலில் வருவது நாளா, மாதமா என முடிவு செய்கின்றது. புதிய கணினிகள் பல ‘ஆங்கிலம் (ஐக்கிய அமெரிக்கா)’ என்னும் அமைப்புடனேயே நம் கைக்கு வருகின்றன. அத்தகைய கணினியில் நமது குடியரசு நாளாகிய 22/05/1972 என்பதைத் தட்டினால், 22ஆம் மாதம் என்பதொன்று இல்லாமையால், கணினி அதனைத் திகதியென ஏற்காது. வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். சுதந்திர நாளாகிய 04/02/1948 என்பதைத் தட்டினாலோ, ஏப்பிரல் 2 என ஏற்று 17625 என்னும் எண்ணை உள்ளே வைத்துவிடும். ஐம்பத்தெட்டு நாட்கள் ஓசையின்றி நகர்ந்துவிட்டன.

இவ்விரண்டனுள் எது கொடியது? எழுத்தாக நின்ற திகதி தன் குறையைத் தானே காட்டுகின்றது. அதனைக் கொண்டு வயதைக் கணிக்க முயன்றால் விடை வழுவாகும். வரிசைப்படுத்தினால் ஏனையவற்றோடு சேராது ஒதுங்கி நிற்கும். எண்ணாக மாறிய பிழைத் திகதியோ எல்லாக் கணிப்புக்கும் இணங்கிப் பிழையான விடையை நேரிய விடைபோலத் தரும். இதன் அளவையும் கணக்கிட்டறியலாம். சாதாரண ஆண்டொன்றின் 365 நாட்களில், நாளெண் 12க்கு மேற்பட்டவை 221. இவை எழுத்தாக நின்று தம்மைக் காட்டிக்கொடுக்கும். நாளெண் 12க்கு உட்பட்டவை 144. இவற்றுள் நாளும் மாதமும் ஒரே எண்ணாயுள்ள 12 நாட்கள் எவ்வாறு படிப்பினும் மாறா. எஞ்சிய 132 நாட்களும் ஓசையின்றி வேறொரு நாளாக மாறிவிடும். அஃதாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிறந்த நாட்கள் இவ்வாபத்துக்கு உட்பட்டவை.

இங்கு மற்றுமொரு நுட்பம் உண்டு. 04/02/1948 எனத் தட்டிய அமெரிக்க அமைப்புடைய கணினி, அதனை ஏப்பிரல் 2 எனக் கொண்டபின், தன் வழக்கின்படி மாதத்தை முன்வைத்து 4/2/1948 என்றே திரையிற் காட்டும். தட்டியவர் தாம் எழுதியதையே காண்பதால் யாதொரு ஐயமும் கொள்ளார். அக்கோப்பு பிறிதோர் அலுவலகத்துக்குச் சென்று, நாளை முன்வைக்கும் கணினியில் திறக்கப்படும்போது 02/04/1948 எனத் தோன்றும். கண்டவர் இரண்டாவது கணினி திகதியைக் கெடுத்துவிட்டதெனக் கருதுவர். உண்மை இதற்கு மாறானது: பிழை முதற் கணினியிலே பிறந்தது, இரண்டாவது கணினி அதனை வெளிப்படுத்தியது. இதனை அறியாதார் இரண்டாவது கணினியில் அமர்ந்து, கண்ணிற் பட்ட சில திகதிகளை மட்டும் கையால் மாற்றிவிடுவாராயின், ஒரே நிரலிலே சரியானவையும் பிறழ்ந்தவையும் விரவிவிடும். அதன்பின் அவற்றைப் பிரித்தறிய யாதொரு சூத்திரத்தாலும் இயலாது. ஆகவே, காரணம் அறியுமுன் ஒரு கலத்தையேனும் தொடாதிருத்தலே இத்துறையின் முதல் விதியாகும்.

கோப்பு வகைகளின் இயல்பையும் அறிதல் வேண்டும். எக்செல் தன் சொந்த வடிவிற் சேமிக்கும் கோப்பு எண்ணையே சுமந்து செல்லும்; எக்கணினியில் திறப்பினும் நாள் மாறாது, தோற்றம் மட்டுமே மாறக்கூடும். வடிவமைப்புப் பட்டியலில் உடுக்குறி இடப்பட்டுள்ள திகதி வடிவங்கள் அவ்வக் கணினியின் பிரதேச அமைப்புக்கு ஏற்பத் தோற்றம் மாறுவன. உடுக்குறியற்றவை அவ்வாறு மாறாதன. காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட ‘சி.எஸ்.வி.’ கோப்போ எண்ணைச் சுமப்பதில்லை. திரையிற் காணும் எழுத்துகளையே சுமக்கின்றது. அதனை இருமுறை சொடுக்கித் திறக்குந்தோறும் திகதிகள் புதிதாகப் படிக்கப்படுகின்றன. எனவே பிறழும் வாய்ப்பும் புதிதாக உண்டாகின்றது. கூகுள் விரிதாளில் நிலைமை வேறு. அங்குப் பிரதேச அமைப்புக் கணினிக்கு உரியதன்று, கோப்புக்கே உரியது. ‘ஃபைல்’ பட்டியிலுள்ள ‘செட்டிங்ஸ்’ பகுதியில் அதனை ஒருமுறை அமைத்துவிட்டால், அக்கோப்பைத் திறக்கும் அனைவர்க்கும் அதுவே செல்லும்.

இனி, பிறழ்ந்த நிரலொன்றைச் சீர்செய்யும் முறையைக் கூறுவாம்.

முதலாவதாக, கோப்பின் பிரதியொன்றை எடுத்து, மூலத்தைத் தொடாது வைத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, பிரதியிலே திகதி நிரலின் வடிவமைப்பை ‘ஜெனரல்’ என மாற்றுக. எண்ணாயுள்ளவை ஐந்திலக்க எண்களாகத் தோன்றும். எழுத்தாயுள்ளவை முன்போலவே நிற்கும். இரு கூட்டமும் ஒரே நோக்கிற் பிரிந்துவிடும்.

மூன்றாவதாக, எண்ணாயுள்ளவற்றின் அருகே புதிய நிரலொன்றை அமைத்து, ‘டே’ என்னும் சார்பினால் அவற்றின் நாளெண்ணை மட்டும் பிரித்தெடுக்க. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பொன்றிலே நாளெண்கள் 1 முதல் 31 வரை பரந்து கிடத்தலே இயற்கை. ஓரெண்ணேனும் 12ஐக் கடவாதிருந்து, 12ஐக் கடந்த நாட்கள் யாவும் எழுத்தாகவே நிற்குமாயின், எண்ணாயுள்ளவை அனைத்தும் நாளும் மாதமும் இடம்மாறியவை எனத் துணியலாம். 12க்கு மேற்பட்டவையும் அவற்றிடையே காணப்படுமாயின், அது கலப்புற்ற நிரல். அல்லது பிழையற்ற நிரல். அந்நிலையிற் பிறப்புச் சான்றிதழோடு ஒப்புநோக்குதல் ஒன்றே வழி.

நான்காவதாக, முற்றாக இடம்மாறியவை எனத் துணிந்தவற்றை ‘டேட்’ என்னும் சார்பினால் மீட்கலாம். அச்சார்பு ஆண்டு, மாதம், நாள் என மூன்று பெறுமானங்களை அவ்வரிசையிலே கேட்கும். மாதத்துக்குரிய இடத்திற் பிறழ்ந்த திகதியின் நாளையும், நாளுக்குரிய இடத்தில் அதன் மாதத்தையும் கொடுத்தால் உண்மைத் திகதி வெளிப்படும். இச்சார்பு எப்பிரதேச அமைப்பிலும் ஒரே வகையாகவே இயங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐந்தாவதாக, எழுத்தாக நின்றவற்றைத் தெரிவுசெய்து, ‘டேட்டா’ பட்டியிலுள்ள ‘டெக்ஸ்ட் டு கொலம்ஸ்’ என்னும் கருவியின் மூன்றாம் படிநிலைக்குச் சென்று, திகதி என்பதையும் நாள்–மாதம்–ஆண்டு என்னும் வரிசையையும் தெரிவுசெய்தால், அவை எண்ணாக மாறும்.

இவற்றின் பின்னரே கணினியின் பிரதேச அமைப்பை மாற்றுதல் தகும். விண்டோஸ் அமைப்புகளில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ என்னும் பகுதியில் அதற்குரிய இடம் உண்டு. அவ்வமைப்பை மாற்றுவது இனிமேல் வரும் திகதிகளைக் காக்குமேயன்றி, முன்னரே பிறழ்ந்தவற்றை மீட்காது. பலர் இதனை மாற்றிவிட்டு நோய் தீர்ந்ததென அமைவது தவறாகும். சி.எஸ்.வி. கோப்புகளைப் பொறுத்தவரை, இருமுறை சொடுக்கித் திறவாது, ‘டேட்டா’ பட்டியின் வழியாக உள்ளெடுத்து, திகதியின் வரிசையை நாமே சொல்லிக் கொடுத்தல் நன்று.

வேறு சில இடர்ப்பாடுகளையும் சுருங்கக் கூறுவாம். ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதினால், எக்செல் நெடுங்காலமாக 00 முதல் 29 வரையுள்ளவற்றை 2000ஆம் ஆண்டுகளாகவும், 30 முதல் 99 வரையுள்ளவற்றை 1900ஆம் ஆண்டுகளாகவும் கொண்டு வந்துள்ளது. இவ்வெல்லை கணினிக்குக் கணினி மாறவும் கூடும். பழைய மக்கின்டொஷ் கணினிகளில் ஆக்கப்பட்ட கோப்புகள் 1904ஆம் ஆண்டிலிருந்து நாளை எண்ணுவன. அவற்றிலிருந்து திகதிகளைப் பிறிதொரு கோப்பிற் படியெடுத்தால் 1462 நாட்கள், அஃதாவது நான்காண்டும் ஒரு நாளும், வேறுபடும். 1900க்கு முற்பட்ட திகதிகளை எக்செல் திகதியாகவே ஏற்பதில்லை. நம் அயலூராகிய காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பிறந்த நாளை அதிற் பதிந்தால், அது வெறும் எழுத்தாகவே நிற்கும். 1947ஆம் ஆண்டில் அவர் மறைந்த நாளோ எண்ணாக ஏற்கப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒரு வழு உண்டு. 1900ஆம் ஆண்டு நெட்டாண்டு அன்று. எனினும் 1983ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் அதனை நெட்டாண்டாகக் கொண்டிருந்தமையால், அதனோடு இணங்குதற்பொருட்டு எக்செல்லும் இல்லாத 1900 பெப்ரவரி 29க்கு 60 என்னும் எண்ணை வழங்கியுள்ளது. ஜேர்மனியிலுள்ள உறவினர் அனுப்பும் பட்டியலில் 04.02.1948 எனப் புள்ளியிட்டு எழுதப்பட்டிருக்கும். நம் ஆங்கில அமைப்பு அதனைத் திகதியென அறியாது.

ஒரு திகதியை ஐயுறும்போது, பெரியோர் விடயத்தில் நம் கையிலேயே சான்றொன்று உண்டு. அது தேசிய அடையாள அட்டை இலக்கமாகும். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய முறையில் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாம் நாள் என்பதையும் குறிப்பன. பன்னிரண்டு இலக்கங் கொண்ட புதிய முறையில் முதல் நான்கும் ஆண்டு. அடுத்த மூன்றும் நாள். பெண்களாயின் நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆனால் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது: இவ்விலக்கத்திலே எல்லா ஆண்டுகளுக்கும் பெப்ரவரி 29 நாட்களாகவே எண்ணப்படுகின்றது. உதாரணமாக, 1995ஆம் ஆண்டு ஏப்பிரல் 2இற் பிறந்த ஆணின் இலக்கம் 95093 எனத் தொடங்கும். அவ்வாண்டு நெட்டாண்டு அன்றாதலின், விரிதாளில் 1995இன் 93ஆம் நாளைத் தேடினால் ஏப்பிரல் 3 என ஒரு நாள் பிந்தியே விடை வரும். நெட்டாண்டாகிய 2000இன் 93ஆம் நாளைக் கண்டு, அதன் மாதத்தையும் நாளையும் எடுத்து, 1995உடன் சேர்த்தலே சரியான முறை. பன்னிரண்டிலக்க எண்ணைப் பதியுமுன் அந்நிரலை எழுத்து வடிவாக அமைத்தலும் வேண்டும். இல்லையேல் எக்செல் அதனை அடுக்குக்குறி வடிவிற் சுருக்கிக் காட்டும்.

முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறையை ஒட்டி ஹிஜ்ரி நாட்காட்டியும் பயன்படுகின்றது. எக்செல் ஒரே நாளை ஹிஜ்ரித் திகதியாகவும் காட்டவல்லது. ஆயின் அது கணிப்பினாற் பெற்ற திகதி. நம் நாட்டிலோ தலைப்பிறை கண்டே மாதம் தீர்மானிக்கப்படுகின்றது. ஆதலின் இரண்டிடையே ஒரு நாள் வேறுபடுதல் இயல்பு. இங்கும் உள்ளிருக்கும் எண் ஒன்றே. வேறுபடுவது நாம் அதற்கு இடும் பெயர்.

இவ்வாறான இடர் நம்போன்றோர்க்கு மட்டும் உரியதன்று. மனிதப் பரம்பரையலகுகள் சிலவற்றின் குறியீடுகள் மார்ச், செப்டெம்பர் என்னும் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கத்தை ஒத்திருந்தமையால், எக்செல் அவற்றைத் திகதிகளாக மாற்றிவிட்டது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, எக்செல் பட்டியல்களை இணைத்த பரம்பரையலகுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்திலொன்று இவ்வழுவைக் கொண்டிருந்ததெனக் காட்டிற்று. 2020ஆம் ஆண்டளவில் விஞ்ஞானிகள் அப்பரம்பரையலகுகளின் பெயர்களையே மாற்றிக்கொண்டனர். 2023ஆம் ஆண்டிலேதான், இத்தகைய தன்னியக்க மாற்றங்களுட் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் எக்செல்லில் வழங்கியது.

பரம்பரையலகுக்கு வேறு பெயர் இடலாம். பிள்ளையின் பிறந்த நாளுக்கு வேறு நாள் இடுதல் இயலாது. ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை. பட்டியல் தயாரிப்போர் ஆண்டு, மாதம், நாள் என்னும் மூன்றையும் மூன்று தனி நிரல்களிற் பதிவாராயின் எக்கணினியும் அவற்றைப் பிறழப் படிக்காது. வேண்டுமிடத்து ‘டேட்’ சார்பு அவற்றை ஒன்றுசேர்க்கும். ஒரே கலத்தில் எழுதுவதாயின், ஆண்டை நான்கிலக்கத்தில் முன்வைத்து, 1948-02-04 என எழுதுக. பதிந்து முடித்தபின் ஒருவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து மாதத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல, மற்றொருவர் திரையை நோக்கிச் சரிபார்த்தல் நன்று. எண்ணாற் சொன்னால் இருவரும் ஒரே பிழையைச் செய்தல் கூடும்.

இவற்றுக்கெல்லாம் விசேட பயிற்சி வேண்டியதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளத்தக்கன. அவர்கள் கற்றுத் தத்தம் பாடசாலையின் மாணவர் சேர்வு இடாப்பையும் விரிதாளையும் ஒருமுறை ஒப்புநோக்குவாராயின், அடுத்த ஆண்டு முதலாந் தரத்தின் வாயிலில் நிற்கும் ஒரு பிள்ளைக்கேனும் அதனாற் பயன் விளையும்.